சிறுதொழிலுக்குக் கடன் அட்டை: கையொப்பமிடும் முன் கணக்குப் பார்ப்போம்

சில காலத்திற்கு முன்னர் ஒரு மாலை நேரம், தோட்டவெளியில் சிறு பலசரக்குக் கடை நடத்தும் ஒரு தாய் எமது பணிமனைக்கு வந்தார். முசலிப் பக்கத்தில் வயல் செய்த குடும்பம். 2007இல் இடம்பெயர்ந்து, பல இடங்களில் அலைந்து, இறுதியில் மன்னார்த் தீவில் ஒரு கொட்டிலும் அதன் முன்னால் ஒரு கடையுமாக வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியவர்கள். அவருடைய கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பதின்மூன்று வங்கிக் கடிதங்கள். அவற்றில் பாதி திறக்கப்படாமலே இருந்தன.

“பாதர், மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் வாறன். ஒரு மாதமும் பிந்தேல்லை. ஆனால் கடன் குறையுதில்லை. எங்கே பிழை விட்டனான் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ” என்றார்.

கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம். வங்கி அவருக்கு ஒரு கடன் அட்டை வழங்கியிருந்தது. மகளின் திருமணத்திற்கென்று போட்டு வைத்த இரண்டு இலட்சம் ரூபா நிலையான வைப்பே அதற்குப் பிணை. அட்டையில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கடைக்குச் சாமான் எடுத்திருந்தார். ஓராண்டில் ஏறத்தாழ 52,800 ரூபா கட்டியிருந்தார். இன்னும் 71,000 ரூபாவுக்கு மேல் மிகுதி நின்றது. அவர் எந்தப் பிழையும் விடவில்லை. கடிதத்தில் “ஆகக் குறைந்த கொடுப்பனவு” என்று எழுதியிருந்த தொகையைச் சரியாகக் கட்டி வந்திருக்கிறார். அதுதான் சிக்கல்.

இதில் எமக்கும் பங்கு உண்டு. வட்டிக்காரரிடம் போகாமல் வங்கிக்குப் போங்கள் என்று அவருக்குச் சொன்னவர்கள் நாமே. சொல்லிவிட்டு, படிவத்தை அவருடன் உட்கார்ந்து வாசிக்காமல் விட்டவர்களும் நாமே. அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவேனும் இக்கட்டுரையை எழுத வேண்டியவர்களாக இருக்கிறோம்.

கடன் அட்டை என்பது என்ன?

பலர் இரண்டு அட்டைகளை ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். சேமிப்புக் கணக்குடன் தரப்படும் சாதாரண வங்கி அட்டை உங்கள் சொந்தப் பணத்தை எடுப்பதற்கானது. கணக்கில் பணம் இல்லையென்றால் அது வேலை செய்யாது. கடன் அட்டை அப்படியல்ல. நீங்கள் கடையில் அட்டையைக் கொடுக்கும்போது வங்கி தன் பணத்தைக் கடைக்காரருக்குச் செலுத்துகிறது. அந்தத் தொகை உங்கள் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதற்கு வங்கி ஒரு எல்லை குறிக்கும். திருப்பிக் கட்டக் கட்ட மீண்டும் எடுக்கலாம். ஆகவே ஒரு முறை கையொப்பமிட்டால் அது முடிவில்லாமல் திறந்து கிடக்கும் கடன் வாசல்.

இந்த முறை அமெரிக்காவில் தொடங்கியது. 1958இல் அங்கே ஒரு பெரிய வங்கி, பிரெஸ்னோ என்னும் நகரத்தில் ஏறக்குறைய 60,000 பேருக்குக் கேட்காமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் கட்டத் தவறுவர் என்று வங்கி கணித்திருந்தது. தவறியவர்களோ நூற்றுக்கு இருபதைத் தாண்டினர். படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் வாழ்ந்த நாட்டிலேயே அப்படி என்றால், தறப்பாளுக்குக் கீழிருந்து எழும்பிய நாம் எவ்வளவு அவதானமாக இருக்க வேண்டும்?

எனினும் அட்டை தீமையானது என்று நாம் சொல்ல வரவில்லை. கத்தி மீனையும் வெட்டும், கையையும் வெட்டும். பிடியை அறிந்து பிடிக்க வேண்டும்.

இரண்டு திகதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

அட்டையின் நன்மை முழுவதும் இரண்டு திகதிகளுக்கு இடையில் இருக்கிறது. ஒன்று, வங்கி மாதக் கணக்கை மூடிக் கூற்றை அனுப்பும் திகதி. மற்றது, பணம் கட்ட வேண்டிய இறுதித் திகதி. கணக்கு மூடிய மறுநாள் சாமான் வாங்கினால், அந்தத் தொகை அடுத்த மாதக் கூற்றில்தான் வரும். அதன் பின் கட்டுவதற்கு மேலும் சில வாரங்கள் கிடைக்கும். இவ்வாறு ஏறக்குறைய ஐம்பது நாட்கள் வரை வட்டியில்லாமல் வங்கிப் பணத்தில் தொழில் செய்யலாம். கணக்கு மூடுவதற்கு முதல் நாள் வாங்கினால் மூன்று வாரமளவே கிடைக்கும்.

ஓர் உதாரணம். தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி நத்தாருக்கு முன் 40,000 ரூபாவுக்குத் துணி எடுக்கிறார். மூன்று கிழமையில் தைத்து விற்றுவிடுகிறார். விற்ற பணத்திலிருந்து இறுதித் திகதிக்கு முன் 40,000 ரூபாவையும் முழுதாகக் கட்டிவிடுகிறார். அவர் கொடுத்த வட்டி ஒரு சதமும் இல்லை. கடன் அட்டையைச் சரியாகப் பயன்படுத்துவது என்பது இதுதான்.

ஆனால் 40,000இல் 39,000 கட்டி 1,000 ரூபாவை விட்டாலும் சலுகை போய்விடும். வட்டியில்லாக் காலம் என்பது முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டுமே. மிகுதி வைத்தால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுவது வழமை. அடுத்த மாதம் புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகக் குறைந்த கொடுப்பனவு என்னும் பொறி

அந்தத் தாயின் கணக்கிற்குத் திரும்புவோம். வட்டி ஆண்டுக்கு 28 வீதம். மாதத்திற்கு ஏறத்தாழ 2.33 வீதம். ஆகக் குறைந்த கொடுப்பனவு மிகுதியில் நூற்றுக்கு 5.

முதல் மாதம் ஒரு இலட்சத்திற்கு வட்டி 2,333 ரூபா. மொத்தம் 102,333. அதில் 5 வீதமாக 5,117 ரூபா கட்டுகிறார். அந்தப் பணத்தில் 2,333 ரூபா வட்டிக்கே போய்விட்டது. கடன் குறைந்தது 2,784 ரூபா மட்டுமே. அடுத்த மாதம் மிகுதி சற்றுக் குறைவதால் கட்டச் சொல்லும் தொகையும் குறைகிறது. குடும்பத்திற்கு அது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் கட்டும் தொகை குறையக் குறையக் கடன் தீரும் நாளும் தள்ளிக்கொண்டே போகும். பன்னிரண்டு மாத முடிவில் அவர் கட்டியது ஏறத்தாழ 52,800 ரூபா. அதில் வட்டி 24,100 ரூபா. கடன் குறைந்தது 28,700 ரூபா. மிகுதி 71,300 ரூபா. ஆண்டுக் கட்டணம் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிணையாக வைத்த இரண்டு இலட்சத்திற்கு வங்கி அவருக்குக் கொடுத்த வட்டி, அவர் வங்கிக்குக் கொடுத்த வட்டியின் பாதியும் இல்லை. தன்னுடைய பணத்தைக் குறைந்த வட்டிக்குக் கொடுத்துவிட்டு, அதையே பிணையாக்கிக் கூடிய வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். இறுதியில் வைப்பை முறித்து மிகுதியைக் கட்டி அட்டையை மூடினோம். மகளின் பணத்தில் ஒரு பெரிய துண்டு போனது. ஆனால் குருதி ஓடுவது நின்றது.

ஆகவே வாசகர்கள் இதை மறக்க வேண்டாம்: கூற்றில் இரண்டு தொகைகள் இருக்கும். பெரிய தொகைதான் உங்கள் கடன். சிறிய தொகை கடன் தீரும் வழியல்ல, கடன் நீளும் வழி.

அட்டையில் காசு எடுக்கலாமா?

கூடாது என்பதே எமது பதில். ஏ.ரி.எம். இயந்திரத்தில் கடன் அட்டையைப் போட்டுக் காசு எடுத்தால் வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதற்கு மேல் எடுப்பதற்கென்று ஒரு கட்டணமும் அறவிடப்படும். எமது பகுதியில் மீன், கருவாடு, பனை ஓலைப் பொருள், நெல், மரக்கறி யாவும் கையில் காசு கொடுத்து வாங்கப்படுபவை. அவற்றை விற்பவர்களிடம் அட்டை இயந்திரம் இல்லை. ஆகவே உங்கள் தொழிலுக்கு வேண்டிய பொருள்களில் எத்தனையை அட்டை கொடுத்து வாங்க முடியும் என்பதை முதலில் பாருங்கள். பாதிக்கும் குறைவு என்றால் அட்டை உங்களுக்கானதல்ல.

அட்டை எடுக்கும் மொத்தக் கடையிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “காசுக்கு என்ன விலை, அட்டைக்கு என்ன விலை?” அட்டைக்கென்று மேலதிகமாக அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் காசு கொடுப்பவருக்குக் கழிவு கொடுக்கும் கடைகள் உண்டு. நூற்றுக்கு மூன்று ரூபா கழிவு போனால், ஒன்றரை மாதக் கடனுக்கு நீங்கள் மூன்று வீதம் கொடுக்கிறீர்கள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 24 வீதம்.

2018 எமக்குக் கற்பித்த பாடம்

போர் முடிந்த 2009க்குப் பின் வடக்கிற்கு வீதி வந்தது, மின்சாரம் வந்தது, கூடவே கடன் கொடுக்கும் நிறுவனங்களும் வந்தன. வீட்டு வாசலுக்கே வந்து, மூன்று பேர் ஐந்து பேராகப் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, கிழமைக்குக் கிழமை அறவிட்டார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று குடும்பங்கள் புதைந்தன. அறவிட வருபவருக்குப் பயந்து பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு அயலில் இருந்த தாய்மாரை நாம் அறிவோம்.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களில் சில இடங்களில் வட்டி 220 வீதம் வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களில், 2018 யூன் 30இல் மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் இருந்தவற்றைத் தீர்த்துவைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதைத் தொடர்ந்து மத்திய வங்கி, தன் கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச எல்லை விதித்தது.

இங்கே ஒரு கணக்கு நுட்பம் உண்டு. “வட்டி 24 வீதம்தான்” என்று சொல்லி 50,000 ரூபா தருகிறார்கள். ஓராண்டுக்கு 12,000 ரூபா வட்டி. மொத்தம் 62,000 ரூபா. பன்னிரண்டு தவணையில் மாதம் 5,167 ரூபா. பார்த்தால் சரிபோலத் தோன்றும். ஆனால் ஆறு மாதத்தில் பாதிக் கடனைக் கட்டிவிட்டீர்கள். அப்படியிருந்தும் முழு 50,000 ரூபாவும் உங்கள் கையில் இருப்பதுபோல் கடைசி மாதம் வரை வட்டி எடுக்கிறார்கள். உண்மையான வட்டி மாதத்திற்கு ஏறத்தாழ மூன்றரை வீதம். ஆண்டுக்கு 40 வீதத்திற்கு மேல். ஆகவே எந்தக் கடனென்றாலும் “வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து செல்லும் மிகுதிக்கா?” என்று கேட்பது முதற் கடமை. முழுத் தொகைக்கு என்றால், சொன்ன வீதத்தை ஏறக்குறைய இரட்டித்துக்கொள்ளுங்கள்.

எந்த வாசலைத் தட்டுவது?

கடன் வேண்டும் என்ற நிலையில் எம்மவர்க்கு முன்னால் பல வாசல்கள் இருக்கின்றன. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி, அடகுக்கு 18 வீதம், முன்கூட்டி ஒழுங்குசெய்த மேலதிகப் பற்றுக்கு 23 வீதம், கடன் அட்டைக்கு 28 வீதம் என்று உச்ச எல்லைகளை அறிவித்தது. வீதங்கள் காலத்திற்குக் காலம் மாறும். இன்றைய வீதத்தை வங்கியில் கேட்டே அறிய வேண்டும். ஆனால் அந்த வரிசையைப் பாருங்கள். நகையை வைத்தால் வட்டி குறைவு, வெறும் கையொப்பத்தில் எடுத்தால் வட்டி கூட. பிணை இல்லாத கடனுக்கு வங்கி தன் பயத்தையும் விலையாகச் சேர்க்கிறது.

மூன்று மாதத்திற்கு 60,000 ரூபா காசாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 18 வீதத்தில் நகையை அடகு வைத்தால் வட்டி 2,700 ரூபா. கூட்டுறவுச் சங்கத்தில் 15 வீதம் என்று வைத்தால் 2,250 ரூபா. கடன் அட்டையில் காசாக எடுத்தால் 28 வீதத்தில் வட்டி மட்டும் 4,200 ரூபா. எடுக்கும் கட்டணம் நூற்றுக்கு 3 என்று கொண்டால் இன்னும் 1,800 ரூபா. மொத்தம் 6,000 ரூபா.

அடகில் ஆபத்து, தவணை தவறினால் நகை ஏலத்திற்குப் போவது. தாலிக்கொடியை வைத்து எடுத்த கடனைக் கடைச் சாமானுக்கு விடுங்கள், சாப்பாட்டிற்கும் சடங்கிற்கும் விடாதீர்கள். சீட்டில் வட்டி தெரியாது, ஆனால் கழிவு போகும். சீட்டுப் பிடிப்பவர் ஊரை விட்டுப் போனால் பிடிக்க ஆளில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் சுழற்சி நிதி சிறிதாயினும் வட்டி குறைவு. சமுர்த்தி வங்கியும் உண்டு.

சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் பஞ்சத்தாலும் வட்டிக்காரராலும் நொந்த விவசாயிகளைச் சேர்த்து பிரீட்ரிக் ரைபைசன் 1864இல் கெட்டெஸ்டோர்ப் என்னும் ஊரில் கடன் சங்கம் அமைத்தார். கனடாவின் நோவா ஸ்கொஷியாவில் வறிய மீனவர் மத்தியில் 1930களில் கடன் சங்கங்களை வளர்த்தவர் மோசஸ் கோடி என்னும் குருவானவர். இலங்கையில் 1911இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் வந்துவிட்டது. 1978க்குப் பின் ‘சணச’ என்ற பெயரில் இவ்வியக்கம் புத்துயிர் பெற்றது. இச்சங்கத்தில் வட்டி கொடுப்பவரும் நாமே, வட்டி பெறுபவரும் நாமே. கிராமத்தில் உள்ள எல்லோருக்கும் உங்கள் நிலைமை தெரியும் என்பதால் மழை பொய்த்த ஆண்டில் தவணையை மாற்றித் தரவும் முடியும். அதே காரணத்தால், தெரிந்தவர் என்று அறவிடாமல் விட்டுச் சங்கம் செத்துப்போவதும் உண்டு.

வயலுக்கு அட்டை பொருந்துமா?

எமது வாசகர் பலர் இன்னும் உள்ளத்தால் கமக்காரர். வயலுக்குத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பக் காத்திருப்பவர்களும் உண்டு. கட்டுக்கரைக் குளத்து நீரில் காலபோகம் விதைப்பவருக்கு ஐப்பசி, கார்த்திகையில் பணம் போகும். மாசி, பங்குனியில்தான் நெல் காசாகும். இடையில் நாலைந்து மாதம். கடன் அட்டை கேட்பதோ மாதந்தோறும் கொடுப்பனவு. ஆகவே உழவுக் கூலியையும் உரத்தையும் சாதாரண கடன் அட்டையில் போடுவது, அறுவடைக்கு முன்பே நெல்லைத் தின்பதற்குச் சமம்.

இந்தியாவில் இதற்கென்றே 1998இல் ‘கிசான் கடன் அட்டை’ கொண்டுவரப்பட்டது. பெயர் அட்டையாயினும் அது உண்மையில் அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் பயிர்க் கடன். அரசாங்கம் வட்டியில் ஒரு பங்கைத் தாங்கியதால், மூன்று இலட்சம் ரூபா வரை விவசாயிக்கு 7 வீதம், நேரத்திற்குக் கட்டினால் 4 வீதம் என்று அமைந்தது. பின்னர் 2018, 2019 அளவில் மீன்பிடிக்கும் கால்நடைக்கும் விரிக்கப்பட்டது. அங்கும் குத்தகைக்கு வயல் செய்பவருக்கு அட்டை கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. ஆனால் கடனின் தவணை பயிரின் தவணையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் சரியானது. எந்தக் கடனைத் தெரிவு செய்தாலும் இதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். நாளாந்தம் பணம் வரும் கடைக்கு மாதத் தவணை பொருந்தும். முட்டைக்கோழி வளர்ப்பவருக்குக் கோழி முட்டையிடத் தொடங்கும் வரை தவணை இல்லாத கடன் வேண்டும். வயலுக்கு அறுவடைத் தவணை வேண்டும்.

எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது?

எமது அனுபவத்தில், கடன் அட்டை பொருந்துவது இவர்களுக்கு: ஐம்பது நாட்களுக்குள் விற்றுக் காசாக்கும் பொருள் வியாபாரம் செய்பவர், அட்டை எடுக்கும் மொத்தக் கடையில் ஒழுங்காகச் சாமான் எடுப்பவர், கணக்குக் கொப்பி எழுதுபவர், திடீரென்று விற்பனை நின்றாலும் ஒரு மாதக் கூற்றைக் கட்டும் அளவுக்குச் சேமிப்பு வைத்திருப்பவர்.

பொருந்தாதவர்கள்: ஏற்கனவே வேறு கடன் கட்ட முடியாமல் தவிப்பவர், கடனுக்குச் சாமான் கொடுத்து அறவிட முடியாமல் இருக்கும் கடைக்காரர், தையல் இயந்திரம், குளிரூட்டி, படகு இயந்திரம் போன்ற, பல ஆண்டுகளில் பயன் தரும் பொருளை வாங்க விரும்புபவர். கடைசியில் சொன்னவருக்கு வேண்டியது இரண்டு மூன்று ஆண்டுத் தவணைக் கடன், அட்டையல்ல.

வங்கியில் கேட்க வேண்டிய கேள்விகள்

அட்டை எடுப்பது என்று முடிவு செய்தால், ஒரு வங்கியோடு நிற்காமல் இரண்டு மூன்று வங்கிகளில் கீழ்வரும் கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஆண்டுக்கு வட்டி எத்தனை வீதம்? அதை மாற்றும்போது எனக்கு எப்படி அறிவிப்பீர்கள்?

2. சேரும் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? “முதலாம் ஆண்டு இலவசம்” என்றால் இரண்டாம் ஆண்டு எவ்வளவு? ஆண்டு முழுவதும் சராசரியாக 30,000 ரூபாவே பயன்படுத்தும் ஒருவர் 3,000 ரூபா கட்டணம் கொடுத்தால், வட்டி கட்டாமலே 10 வீதம் கொடுத்தவராகிறார்.

3. கணக்கு மூடும் திகதி எது, கட்ட வேண்டிய திகதி எது? என் விற்பனைக்கு ஏற்ப மாற்றித் தருவீர்களா?

4. பிந்தினால் தண்டம் எவ்வளவு? எல்லையைத் தாண்டினால் எவ்வளவு?

5. காசாக எடுத்தால் என்ன கட்டணம்? அந்த வசதியை முற்றாக நிறுத்தித் தருவீர்களா?

6. எல்லையை நான் கேட்கும் அளவுக்குக் குறைத்துத் தருவீர்களா? வங்கி தரும் எல்லை உங்கள் தகுதிக்குக் கிடைத்த பட்டம் அல்ல. ஒரு மாத விற்பனையில் பாதிக்கு மேல் எல்லை வேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

7. காப்புறுதி என்று மாதந்தோறும் ஏதாவது கழிப்பீர்களா? வேண்டாம் என்று சொல்லலாமா?

8. பிணை என்ன? நிலையான வைப்பைப் பிணை வைத்தால் எப்போது விடுவிப்பீர்கள்?

9. அட்டையை மூடுவது எப்படி?

விடைகளையும் உடன்படிக்கையையும் தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட வேண்டாம். வெளியே நாற்காலி போட்டு அட்டை விற்கும் இளைஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்வது உடன்படிக்கை அல்ல, தாளில் இருப்பதே உடன்படிக்கை.

தொழிலின் பெயரில் அட்டை எடுத்தாலும், ஒருவரே நடத்தும் கடையில் கடனுக்குப் பொறுப்பு உரிமையாளர்தான். கடை மூடப்பட்டாலும் கடன் மூடப்படாது. மகனுக்கோ மருமகனுக்கோ துணை அட்டை எடுத்துக் கொடுத்தால் அவர்கள் வாங்கியதற்கும் நீங்களே பொறுப்பு.

எமக்கு இருக்கும் தடை

சம்பளத் துண்டு இல்லாதவரிடம் வங்கி தொழிற் பதிவு, சில மாத வங்கிக் கணக்குக் கூற்று, நிரந்தர முகவரி ஆகியவற்றைக் கேட்கும். பல முறை ஓடிய எமது மக்களிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை, சிலரிடம் பிறப்புப் பதிவும் இல்லை. இதற்கு ஒரே வழி படிப்படியாகச் சேர்ப்பதுதான். தேசிய அடையாள அட்டையின் முகவரியைச் சரிசெய்யுங்கள். கிராம அலுவலரின் சான்றிதழைப் பெற்றுப் பிரதேச செயலகத்தில் தொழிற்பெயரைப் பதியுங்கள். அன்றாட விற்பனைப் பணத்தைச் சிறிதாயினும் வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். ஆறு மாதம், ஓராண்டு அப்படிச் செய்தால் அந்தக் கணக்கே உங்களுக்காகப் பேசும்.

1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், மக்கள் ‘கிரிப்’ என்று சொல்வது, நீங்கள் எடுத்த கடன், கட்டிய விதம், பிணை நின்ற கடன் யாவற்றையும் பதிந்து வைக்கிறது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். அயலவருக்குப் பிணை நின்று மறந்துபோன ஒரு கடன் அங்கே உங்கள் பெயரில் நிற்கக் கூடும். கடன் கேட்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

சிக்கலில் இருப்பவர்களுக்கு

ஏற்கனவே அட்டைக் கடனில் இருப்பவர்கள் கடிதத்தைத் திறக்கப் பயப்பட வேண்டாம். திறக்காத கடிதத்திற்கும் வட்டி ஓடும். முதலில் அட்டையில் வாங்குவதை நிறுத்துங்கள். ஆகக் குறைந்த தொகையைப் பார்க்காமல் மாதம் ஒரு நிலையான தொகையைக் கட்டுங்கள். முதல் மாதம் 5,117 ரூபா கட்டிய அந்தத் தாய், மாதம் 10,000 கட்டியிருந்தால் பன்னிரண்டு மாதங்களுக்குள் கடன் முழுதாகத் தீர்ந்திருக்கும். முடியாவிட்டால் மிகுதியைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரு அட்டையைக் கட்ட இன்னொரு அட்டை எடுக்க வேண்டாம். அட்டை எண்ணையும் தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்பவருக்கும் கொடுக்க வேண்டாம். அட்டை தொலைந்தால் அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்கு அறிவியுங்கள்.

அநீதி நடந்ததென்று நினைத்தால் முதலில் வங்கிக் கிளைக்கு எழுத்தில் முறையிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவிற்கோ, நிதிசார் ஒம்புட்ஸ்மனுக்கோ எழுதலாம். எழுத உதவி வேண்டுமானால் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அந்தத் தாய் இன்று அயலில் உள்ள நான்கு சிறு கடைக்காரரோடு சேர்ந்து மன்னாரில் மொத்தமாகச் சாமான் எடுக்கிறார். காசு கொடுத்து எடுப்பதால் கழிவு கிடைக்கிறது. மகளின் வைப்பில் குறைந்த பணம் இன்னும் நிரம்பவில்லை. மாதம் 3,000 ரூபாவாகத் திரும்பப் போட்டு வருகிறார். கடைக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: “பெரிய தொகையைப் பார்.” அதை வாசகர்களுக்கும் எழுதி வைக்கிறோம்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் இப்போது எத்தனை வகைக் கடன்கள் புழங்குகின்றன? ஒவ்வொன்றின் உண்மையான வட்டி எவ்வளவு?

2. எமது தொழிலில் பணம் போகும் மாதம் எது, வரும் மாதம் எது? கடன் தவணை அதற்குப் பொருந்துகிறதா?

3. தனித்தனியே கடன் எடுப்பதற்குப் பதிலாகச் சேர்ந்து கொள்வனவு செய்யக்கூடிய பொருள்கள் எவை?

4. எம்மில் எவருடைய வீட்டில் திறக்கப்படாத கடிதங்கள் இருக்கின்றன? அவற்றைத் திறக்க யார் துணை நிற்பது?